மருந்தாளர் "தர மாட்டேன்" என்று சொல்லலாமா?

மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டது கிடைக்காமல் திரும்பி வருவது நமக்கெல்லாம் பழக்கம்தான். சரக்கு முடிந்திருக்கும். இல்லாவிட்டால் டாக்டர் சீட்டு எங்கே என்பார்கள். பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி சின்ன ஊரில் இன்னொன்றும் நடக்கும். மருந்தாளர் சாப்பிடப் போயிருப்பார், கல்லாவில் இருக்கிற பெண் "அவங்க வந்தாதான் கொடுக்க முடியும், ஒரு மணிநேரம் கழிச்சி வாங்க அண்ணே" என்பாள். எரிச்சல்தான். ஆனால் இதையெல்லாம் யாரும் தர்ம நியாயப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் எழுத வந்தது வேறொரு மறுப்பைப் பற்றி. மருந்து அலமாரியில் இருக்கிறது. விற்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. கேட்டு வந்தவர் உடம்புக்கும் அதனால் கெடுதல் இல்லை. இருந்தும் மருந்தாளர், "இதைக் கொடுக்க என் மனசாட்சி இடம் தராது" என்கிறார். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா? உலகின் பல நாடுகளில் நீதிமன்றம் வரை போன கேள்வி இது. தோட்டப்புற ஊரில் இருக்கிறவர்கள் இதை நகரத்துக்காரர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மறுப்பதும் அவர் வேலைதான்

நம் மலேசியாவில் மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்துவது 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம். அதில் மருந்துகளைப் பிரிவு பிரிவாக வகுத்திருக்கிறார்கள். பி பிரிவு மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக், இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் இதில் வரும். சி பிரிவு மருந்துக்குச் சீட்டு தேவையில்லை. ஆனால் பதிவு பெற்ற மருந்தாளர் கடையில் இருக்க வேண்டும், அவர் மேற்பார்வையில்தான் விற்க வேண்டும், யாருக்குக் கொடுத்தோம் என்று ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். கல்லாப் பெண் நம்மைக் காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

எனவே மருந்தாளரின் வேலையில் ஒரு பகுதி 'முடியாது' என்று சொல்வதே. இருமல் மருந்தைப் புட்டி புட்டியாகக் கேட்டு நிற்கும் பையனுக்கு அவர் மறுக்க வேண்டும். சீட்டில் எண்ணைத் திருத்தி எடுத்து வந்தவருக்கு மறுக்க வேண்டும். இரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிற தாத்தாவுக்கு அதோடு சேரக் கூடாத வலி மாத்திரையை மறுக்க வேண்டும். டாக்டரே எழுதியிருந்தாலும் அளவு தவறாகப்பட்டால் கொடுக்காமல் நிறுத்தி, கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். இதற்காக அவர்மேல் கோபப்படுகிறவர்கள் உண்டு. படக்கூடாது. அவர் படித்ததே இதற்காகத்தான்.

மனசாட்சி மறுப்பு இதிலிருந்து வேறு. இங்கே அவர் காப்பாற்றப் பார்ப்பது எதிரில் நிற்பவரின் உடம்பை இல்லை, தன் நம்பிக்கையை. இரண்டும் வேறு வேறு என்று வெளிப்படையாகச் சொல்லும் மருந்தாளரை நான் மதிப்பேன். சிக்கல், ஒன்றை இன்னொன்றின் வேடத்தில் கொண்டு வரும்போது. கல்யாணமாகாத பெண் கருத்தடை மாத்திரை கேட்கிறாள். "இது சாப்பிட்டா அப்புறம் பிள்ளையே தங்காதும்மா" என்று ஒருவர் பயமுறுத்தி அனுப்பினால், அது பொய். மாத்திரையை நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் திறன் திரும்பி வரும். "ஸ்டாக் இல்ல" என்று அலமாரியை முதுகால் மறைத்துக்கொண்டு சொன்னால் அதுவும் பொய்தான். மனசாட்சிக்காகப் பொய் சொல்கிறேன் என்கிற வாதம் எனக்குப் பிடிபடவே இல்லை.

எங்கிருந்து வந்தது இந்த உரிமை?

மனசாட்சியின் பேரால் விலகி நிற்கும் உரிமை சட்டத்துக்குள் வந்த கதை சுவாரசியமானது. இங்கிலாந்தில் அம்மைத் தடுப்பூசி கட்டாயமாக இருந்த காலத்தில் பெற்றோர் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். 1898-இல் வந்த தடுப்பூசிச் சட்டம், மனசாட்சி காரணம் காட்டிப் பிள்ளைக்கு விலக்குக் கேட்க வழி செய்தது. பிறகு முதல் உலகப் போரில் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது, 1916-இல், கொல்ல மாட்டேன் என்று நின்றவர்களுக்கும் இப்படியொரு வாசல் வைத்தார்கள்.

மருத்துவத்துக்கு இது வந்தது கருக்கலைப்பு சட்டபூர்வமான பிறகு. பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு, விருப்பமில்லாத டாக்டரும் தாதியும் அதில் பங்கேற்கக் கட்டாயமில்லை என்கிறது. அமெரிக்காவிலும் 1973-இல் அப்படி ஒரு பாதுகாப்பு வந்தது. ஆனால் 'பங்கேற்பது' என்றால் எவ்வளவு தூரம்? கத்தி பிடிப்பவர் பங்கேற்கிறார், சரி. பணிநேர அட்டவணை போடுகிறவர்? 2014-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இரண்டு கத்தோலிக்கப் பேறுகாலத் தாதிகளின் வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் எல்லைக் கோட்டை நெருக்கமாகப் போட்டது. சிகிச்சையில் நேரடியாகக் கை வைக்கிறவருக்குத்தான் அந்த விலக்கு, மற்ற தாதிகளை மேற்பார்க்கும் வேலைக்கு இல்லை என்றது.

மருந்தாளர் இந்தச் சங்கிலியில் இன்னும் ஒரு கண்ணி தள்ளி நிற்கிறார். அவர் எடுத்துக் கொடுக்கிறார். சாப்பிடுவது வேறொருவர், வேறோர் இடத்தில், தன் முடிவில். எதிர்ப்பவர்கள் இதற்குச் சொல்லும் பதிலும் எளிதில் தள்ளிவிடக்கூடியது இல்லை. "நான் காசு போட்டால் டின் தள்ளும் இயந்திரம் இல்லை. என் கையால் போவதற்கு நான் பொறுப்பு" என்கிறார்கள்.

எந்த மருந்துக்கு இந்தச் சண்டை?

பெரும்பாலும் அவசரக் கருத்தடை மாத்திரைக்கு. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் அது. நம் ஊரில் டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்தாளரிடமே வாங்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

இது கருவைக் கலைக்கிற மாத்திரை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுவதுதான் இதன் வேலை. முட்டை வரவில்லை என்றால் கரு உருவாக வழியில்லை. ஏற்கெனவே தங்கிவிட்ட கர்ப்பத்தை இது ஒன்றும் செய்யாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2022 டிசம்பரில் மருந்தோடு வரும் விளக்கத்தை இதற்கேற்பத் தெளிவாக மாற்றியது. ஆக, "உயிரைக் கொல்ல மாட்டேன்" என்று ஒரு மருந்தாளர் இதை மறுத்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது அவருக்குக் கிடைத்த தகவலை. கருத்தடையே கூடாது என்பது அவர் நம்பிக்கை என்றால் அது வேறு. அதைத் தகவலால் அசைக்க முடியாது, அசைக்க நமக்கு வேலையும் இல்லை.

இந்த மாத்திரைக்கு நேரம்தான் உயிர். பாதுகாப்பில்லாத உடலுறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 1998-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட கர்ப்பங்களில் 95 விழுக்காடு தவிர்ந்தது. இரண்டாம் நாள் 85 விழுக்காடு. மூன்றாம் நாள் 58. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மருந்துகளும் உண்டு. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கு நம் அரசாங்கம் 2005 முதல் மெத்தடோன் என்ற மாற்று மருந்தைத் தருகிறது. "போதைக்காரனுக்குப் போதையே மருந்தா?" என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் மதநம்பிக்கை என்றால் மறுப்பு என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. 2010-இல் கோலாலம்பூர் ஆர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் கொடுக்கும் திட்டம் தொடங்கியது.

இன்னொரு திசையிலிருந்தும் மறுப்பு வரும். அமெரிக்காவில் மரண தண்டனைக்கு ஊசி மருந்து தயாரித்துத் தர வேண்டாம் என்று அந்நாட்டு மருந்தாளர் சங்கம் 2015-இல் தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. மனசாட்சி மறுப்பு என்றாலே பிற்போக்கு என்று நினைப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? என் பதில் இது: அங்கே எதிரில் சிகிச்சை கேட்டு யாரும் நிற்கவில்லை. மறுப்பதால் எந்த நோயாளியும் வெறுங்கையோடு திரும்பப் போவதில்லை.

நோயாளியின் மனசாட்சி என்று ஒன்றும் இருக்கிறது. கேப்சூல் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது, ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வரும். நம் வீட்டுப் பாட்டி மாடு என்றால் விழுங்க மாட்டார். பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் பன்றி என்றால் தொட மாட்டார். அவர்களிடம் உண்மையைச் சொல்லி, மாற்று மருந்து இருந்தால் காட்ட வேண்டியது மருந்தாளரின் கடமை. பாட்டி மறுப்பது தன் வாய்க்குப் போவதை. மருந்தாளர் மறுப்பது அடுத்தவர் வாய்க்குப் போவதை. இரண்டையும் ஒரே உரிமை என்று பேசுவது சரியில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

பிரான்சில் போர்தோ நகருக்கு அருகே ஒரு சிற்றூர். 1995-இல் அங்கே மருந்துக்கடை வைத்திருந்த இருவர், டாக்டர் சீட்டோடு வந்த 3 பெண்களுக்கு மதக் காரணம் சொல்லிக் கருத்தடை மாத்திரை தர மறுத்தார்கள். அந்நாட்டு நீதிமன்றம் அபராதம் விதித்தது. அவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2001-இல் அது மனுவை ஏற்க மறுத்துவிட்டது. அது சொன்ன காரணத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். இந்த மருந்து சட்டப்படி விற்பனையில் இருக்கிறது, மருந்துக்கடை தவிர வேறெங்கும் கிடைக்காது. அப்படியிருக்கும்போது விற்பவர் தன் நம்பிக்கையை வாங்க வந்தவர்மேல் சுமத்த முடியாது, நம்பிக்கையை வெளிப்படுத்த வேலைக்கு வெளியே எத்தனையோ வழிகள் உண்டு என்றது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். தென் டகோட்டா 1998-இலேயே சில வகை மருந்துகளை மறுக்க மருந்தாளருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. கலிபோர்னியா மறுக்கலாம் என்கிறது, ஆனால் முதலாளிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், நோயாளிக்கு மருந்து தாமதமின்றிக் கிடைத்தாக வேண்டும். வாஷிங்டன் மாநிலம் 2007-இல் கொண்டு வந்த விதி இன்னும் நுணுக்கமானது. தனி மருந்தாளர் விலகலாம், கடை விலக முடியாது. ஒருவர் ஒதுங்கினால் அதே கடையில் இன்னொருவர் கொடுக்க வேண்டும். இதை எதிர்த்து ஒலிம்பியா நகரத்தில் குடும்பமாகக் கடை நடத்துகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் விதி செல்லும் என்றது, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

விஸ்கான்சினில் நடந்தது எல்லை தாண்டிய மறுப்பு. 2002-இல் ஒரு மருந்தாளர், கல்லூரி மாணவி ஒருவருக்குக் கருத்தடை மாத்திரை தர மறுத்ததோடு நிற்கவில்லை. அவள் சீட்டை வேறு கடைக்கு மாற்றித் தரவும் மறுத்தார். மாற்றித் தந்தால் தானும் உடந்தை என்பது அவர் நியாயம். உரிமம் வழங்கும் வாரியம் அவர்மேல் நடவடிக்கை எடுத்தது, 2008-இல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவர் வாதத்தில் ஒரு நேர்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். உடந்தை என்று நம்புகிறவருக்கு, கையைக் காட்டிவிடுவதும் உடந்தைதானே. ஆனால் அந்த நேர்மைக்கு உண்டான செலவு முழுவதையும் அந்த மாணவி கட்ட வேண்டியிருந்தது.

பிரிட்டனில் மருந்தாளர்களைப் பதிவு செய்யும் மன்றம் 2017-இல் தன் வழிகாட்டுதலை மாற்றி எழுதியது. முன்பு 'வேறு கடைக்கு அனுப்பினால் போதும்' என்ற அளவில் இருந்தது. இப்போது அனுப்புவது எல்லா நேரத்திலும் போதாது, நோயாளிக்குத் தேவையானது கிடைப்பதுதான் முதல் என்று ஆனது.

தோட்டப்புறத்தில் இதன் எடை

கோலாலம்பூர் பேரங்காடியில் ஒரு மருந்தாளர் "என்னால் முடியாது, எதிர்க்கடையில் கேளுங்கள்" என்றால் நஷ்டம் 5 நிமிடம். அதே வார்த்தையை ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சுங்கை சிப்புட்டில் சொல்லிப் பாருங்கள். வந்தவள் எல்பில் தோட்டப் பக்கமிருந்து தோழியின் மோட்டாரில் உட்கார்ந்து வந்திருப்பாள். திங்கள் காலை 7 மணிக்குத் தொழிற்சாலை ஷிப்ட். ஈப்போ 30 கிலோமீட்டர், அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. "நாளைக்கு வேற எங்கயாவது பாருங்க" என்பது அவளுக்கு 95-லிருந்து 85-க்கும், பிறகு 58-க்கும் இறங்குவது. சொல் ஒன்றுதான், ஊர் மாறினால் செய்கை மாறிவிடுகிறது.

இது கற்பனைக் கணக்கு என்று நினைத்தால், 2019 ஜனவரியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சில நூறு பேரே வசிக்கும் மெக்ரெகர் என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். அவசரக் கருத்தடைக்கு டாக்டர் சீட்டோடு போன ஒரு பெண்ணுக்கு ஊர் மருந்தாளர் மறுத்துவிட்டார். அந்தப் பெண் பனிப்புயலில் போக வர ஏறக்குறைய 160 கிலோமீட்டர் காரோட்டி மருந்து வாங்கினார். 2022-இல் ஜூரி, இது பாலினப் பாகுபாடு ஆகாது என்றது; ஆனால் அவர் பட்ட மனவேதனைக்கு 25,000 டாலர் என்று மதிப்பும் போட்டது. வழக்கு அதோடு ஓயாமல் மேல்முறையீட்டுக்குப் போனது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். நம் நாட்டில் டாக்டர்களே தங்கள் கிளினிக்கில் மருந்து கொடுக்கிறார்கள், பார்மசி ஒன்றுதான் வாசல் என்று ஏன் சொல்ல வேண்டும்? உண்மைதான், நம் ஊரில் கதவு ஒன்றுக்கு மேல் உண்டு. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். ஆனால் அந்தக் கதவுகளுக்கும் நேரம் காலம் உண்டு. அதோடு சின்ன ஊரில் முகம் தெரியாதவர் யாரும் இல்லை. கிளினிக்கில் பெயர் பதிகிற அக்கா அம்மாவோடு கோயில் பஜனையில் பாடுகிறவர். மருந்து எடுத்துக் கொடுக்கிறவர் சித்தப்பாவோடு படித்தவர். முதல் வாசலிலேயே "எந்த வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்று கேட்டுவிட்டால், இரண்டாவது வாசலுக்குப் போகிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்? மறுப்பைவிட அந்தக் கேள்விதான் அதிகம் பேரைத் திருப்பி அனுப்புகிறது என்பேன்.

ஒரே ஒருவர் கையில் மருந்து இருந்தால் என்ன ஆகும் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய பாடமும் இல்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியின் டிரசரை, அதாவது அங்கே மருந்து கொடுத்த உதவியாளரை, நம் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். 1965-இல் அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. நல்ல டிரசர் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கு உண்மையான காய்ச்சல், யார் வேலைக்குப் போகாமல் நடிக்கிறார் என்று தீர்மானித்ததும் அவரே. அவர் இல்லை என்றால் இல்லைதான். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டில் அவர் தரும் நோய்ச் சீட்டு இல்லாமல் நிற்பது என்ன என்று கேட்டால் பழையவர்கள் இன்றும் சொல்வார்கள்.

என் கருத்து வாஷிங்டன் விதிக்கு அருகில் நிற்கிறது. மனிதர் ஒதுங்கலாம், கடை ஒதுங்கக் கூடாது. ஒதுங்குகிறவர் வேலைக்குச் சேரும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும், வாடிக்கையாளர் முன்னால் கண்டுபிடிக்கக் கூடாது. உடன் வேலை செய்யும் மருந்தாளர் அதே கடையில், அதே நேரத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும். வந்தவருக்கு நடந்ததே தெரியாத மாதிரி இருந்தால் உத்தமம். உபதேசம் கூடாது. கடையில் தான் ஒருவர்தான், பக்கத்தில் திறந்திருக்கும் வேறு கடை இல்லை என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கடும் நம்பிக்கையுள்ள ஒருவருக்கு இது சின்ன இழப்பு இல்லை என்று தெரியும். ஆனால் இந்த மருந்துகளை மற்றவர் விற்கக் கூடாது என்று சட்டம் தடுத்து, உரிமம் உள்ளவரிடம் மட்டும் ஒப்படைத்திருக்கிறது. பலசரக்குக் கடை ராவுத்தரிடம் அது கிடைக்காது. அந்தத் தனி உரிமையை வாங்கிக்கொண்டவர், கூடவே வரும் கடமையை மட்டும் கழற்றி வைக்க முடியாது.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், நேராகக் கேளுங்கள்: "மருந்து இல்லையா, இல்ல நீங்க கொடுக்கறதில்லையா?" இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கொடுப்பதில்லை என்றால், இந்த நேரத்தில் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள், அங்கே போன் போட்டு மருந்தாளர் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். கிளினிக் எல்லாம் மூடியிருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். புகார் சொல்ல வேண்டுமென்றால் மருந்தாளர்களைப் பதிவு செய்வது மலேசிய மருந்தாளர் வாரியம். கடையின் பெயர், தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை இவற்றை அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகாரை அடுத்த வாரம்கூட எழுதலாம். மாத்திரைக்குத்தான் 72 மணி நேரக் கெடு, அதை முதலில் பாருங்கள்.